அசையாத தூரி

ஆடி 18 வந்தால் எங்கள் தோட்டத்துப் புளியமரத்தில் தூரி கட்டுவது முப்பது வருடங்களாக என் பொறுப்பு. ஊஞ்சல் என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அவிநாசியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் அது தூரிதான், பண்டிகை நோம்பிதான். கயிறு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிற தென்னை நார்க் கயிறு. என் அப்பாரு காலத்தில் கவலை (மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைப்பது) ஓட்டிய வடக்கயிற்றையே கிணற்றிலிருந்து அவிழ்த்துவந்து மரத்தில் போட்டுவிடுவார்களாம். கிணறு வற்றி, கவலை போய், ஆழ்குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்த பிறகு வடத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதற்காக வருத்தப்பட எனக்கு உரிமை கிடையாது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். ஊரில் மோட்டார்கள் எரிந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்த ஆடிக்கு அக்கா மகள் வந்திருந்தாள். ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் என்ன படிக்கிறாள் என்று உறவில் யார் கேட்டாலும் 'கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ ஒன்று' என்று அக்கா சொல்லிவிடுவாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

நோம்பியன்று சாயங்காலம், கூட்டம் கலைந்த பிறகு, என் மகள் வயிற்றுப் பேரன் தூரிப் பலகையில் ஏறி நின்றுகொண்டான். ஏழு வயது. யாரும் தள்ளிவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பெரிய பையன்கள் நின்றபடி உன்னி உன்னி ஆடியதைப் பார்த்திருக்கிறான். அவர்களைப் போலவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தான், எழுந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கயிறு செங்குத்தாக அப்படியே தொங்கியது.

"அப்புச்சி, தூரி வேலை செய்யவில்லை" என்று என்னிடம் புகார் சொன்னான். எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் சொல்கிற அதே தொனி.

அக்கா மகள் சிரித்துவிட்டாள். பலகையின் ஓரத்தை ஒரே விரலால், ஓர் அங்குலம் இருக்கும், தள்ளிவிட்டு, "இப்போது செய் கண்ணு, நடுவுக்கு வரும்போது எழு, ஓரத்துக்குப் போனதும் உட்கார்" என்றாள். இருபது முறை ஆடியிருக்காது. அவன் அம்மா ஓடிவந்து கயிற்றைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

"ஏனுங்க மாமா, நான் அங்கே மூன்று வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்" என்றாள். "ஒரே வித்தியாசம், என் தூரியை யாரும் விரலால் தொடக் கூடாது. வெற்றிடத்தின் நடுக்கத்திலிருந்தே அது ஆடத் தொடங்கவேண்டும். அப்படி ஆடினால் ஒளித்துகள்கள் பிறக்கும்."

வெற்றிடம் என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்கவேண்டும். என்ன என்று கேட்டாள். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கையில் சூட்கேஸ், அதற்குள் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு பல்பு. 'வெற்றிடத்தில் எல்லையில்லாத ஆற்றல் இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள், இது அதை உறிஞ்சி மின்சாரமாக்குகிறது' என்றார். பல்பு எரிந்தது. சுற்றிலும் செம்புக் கம்பியில் அழகாகக் காயில் கட்டியிருந்தார்கள். அந்தக் காயிலின் நேர்த்தியில்தான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். சுற்று சுற்றாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வார்னிஷ் பளபளக்க. முன்பணமாக 40,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து பல்பு மங்கியது. பெட்டியைப் பிரித்தேன். மெழுகுத்துணியில் சுற்றிய பேட்டரி ஒன்று உள்ளே இருந்தது. காயிலின் இரண்டு முனைகளும் எதிலும் சேராமல் சும்மா மடித்து ஒட்டப்பட்டிருந்தன. வாழ்நாள் முழுக்கக் காயில் கட்டியவன் முனை எங்கே போகிறது என்று பார்க்காமல் பணம் கொடுத்திருக்கிறேன். பணத்தைவிட அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"அவர் சொன்னதில் முதல் பாதி முழுப் பொய் இல்லை மாமா" என்றாள் அவள். "அதனால்தான் விற்க முடிந்தது."

மறுநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் ஸ்லாட்டுக்குள் வைக்கிற லெதராய்டு பேப்பர் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதில் படம் போட்டு விளக்கினாள். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு பகலிலும், அதன் பிறகு அவளைத் தொலைபேசியில் படுத்திய படுத்தலிலும் தேறியது.

ஒரு சிலிக்கன் சில்லு, விரல் நகம் அளவு. அதன் மேல் அலுமினியம் அல்லது நையோபியத்தில் மெல்லிய படலம். படலத்தில் ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியதைப் போல இடைவெளி. சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடுதான் குழி. குழி என்றால் பள்ளம் இல்லை, அலை வெளியே போகாமல் முன்னும் பின்னும் மோதித் திரும்புகிற இடம். ஒரு பக்கம் அடைத்த குழலுக்குள் காற்று நின்று அதிர்வதைப் போல, இந்தக் கோட்டுக்குள் நுண்ணலை நின்று அதிரும். நொடிக்கு ஏறக்குறைய 500 கோடி முறை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸ். சமையலறை நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கிட்டத்தட்ட அதே சாதிதான்.

ஏன் மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல்போகும் உலோகம்? செம்பில் எவ்வளவு நல்ல செம்பாக இருந்தாலும் மின்தடை உண்டு. மோட்டார் சூடாவதும் அதனால்தான், கடைசியில் எரிவதும் அதனால்தான். குழிக்குள் அலை போய்வந்து போய்வந்து இருக்கவேண்டுமானால் வழியில் வரி கட்டக் கூடாது. 1911இல் லைடனில் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை 4.2 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை காணாமல்போனதைக் கண்டார். அலுமினியத்துக்கு அந்த எல்லை 1.2 கெல்வின், நையோபியத்துக்கு 9க்குச் சற்று மேல். அதற்குக் கீழே போனால் குழிக்குள் அலை ஆயிரக்கணக்கான முறை, நன்றாகச் செய்த சில்லில் லட்சக்கணக்கான முறை, அதிர்ந்த பிறகுதான் அடங்கும்.

இனிதான் தூரி. முழங்காலை மடக்கி எழும்போது பையன் என்ன செய்கிறான்? தன் எடையின் நடுவை மேலே தூக்கிக் கீழே இறக்குகிறான். அதாவது தூரியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறான். ஒரு முழு ஆட்டத்தில் பலகை இரண்டு முறை நடுவைக் கடக்கிறது. இரண்டு முறையும் அவன் எழுகிறான். தூரி ஒன்று ஆட, கால் இரண்டு ஆடுகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை முதலில் கவனித்துப் பதிவுசெய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1831இல், அதிரும் தட்டின் மேலிருந்த நீர்மத்தின் அலைகள் தட்டின் அதிர்வில் பாதி வேகத்தில் எழுந்து விழுவதைப் பார்த்தார். எங்கள் மோட்டார் தொழிலுக்கே மூலவர் அவர்தான் என்பது தனிக் கதை.

ஆக, குழியின் நீளத்தையும் நொடிக்கு 1000 கோடி முறை கூட்டிக் குறைத்தால் உள்ளே 500 கோடி முறை அதிரும் அலை வளரவேண்டும். சில்லில் கீறிய உலோகக் கோட்டின் நீளத்தை எப்படி மாற்றுவது?

லெதராய்டு பேப்பரில் கோட்டின் முனையில் ஒரு சின்ன வளையம் போட்டாள். வளையத்தில் எதிரெதிராக இரண்டு இடத்தில் பெருக்கல் குறி. அந்தக் குறிகள் ஜோசப்சன் சந்திகள். அலுமினியம், அதன் மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் கனத்தில் அலுமினிய ஆக்சைடு, மறுபடியும் அலுமினியம். நடுவில் இருப்பது மின்கடத்தாப் பொருள். எங்கள் பாஷையில் சொன்னால் இன்சுலேஷன், மின்னோட்டம் தாண்டக் கூடாது. ஆனால் மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை இணையாக அதைத் தாண்டிவிடும், அதுவும் மின்னழுத்தமே இல்லாமல். 1962இல் இதைக் கணக்கில் கண்டுசொன்ன பிரையன் ஜோசப்சனுக்கு அப்போது வயது 22. 1973இல் நோபல் பரிசு வாங்கினார்.

இரண்டு சந்திகள் கொண்ட வளையத்துக்கு ஸ்குவிட் என்று பெயர். அதன் ஊடாகப் போகிற காந்தப்பாயத்தை மாற்றினால் வளையத்தின் மின்தூண்டல் மாறும். இது எனக்கு உடனே பிடிபட்டது. பழைய ரேடியோக்களில் காயிலுக்குள் ஃபெரைட் கோரைத் திருகி உள்ளே வெளியே நகர்த்தினால் அதிர்வெண் மாறும். அதே வேலைதான், கோர் இல்லை, திருகு இல்லை. குழியின் முனையில் மின்தூண்டல் கூடினால், அலைக்குக் கோடு நீண்டுவிட்டது போலத் தோன்றும். குறைந்தால் சுருங்கிவிட்டது போல. 2008இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர் டெல்சிங் குழுவினர் இப்படியொரு குழியைச் செய்து, உள்ளே இருக்கும் நுண்ணலை கசிந்து வெளியேறுவதற்கு முன்பே அதன் அதிர்வெண்ணை மாற்றிக் காட்டினார்கள். தூரி ஆடி அடங்குவதற்குள் கயிற்றின் நீளத்தை மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் ஒரு பூர்வகதை உண்டு. 1948இல் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்த ஹென்ட்ரிக் காசிமிர், மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தட்டுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று கணக்கிட்டார். குவாண்டம் விதிப்படி வெற்றிடம் முழு அமைதியில் இருக்க முடியாது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அரை ஃபோட்டான், அதாவது அரை ஒளித்துகள் அளவுக்கு ஒரு நடுக்கம் மிச்சம் இருந்தே தீரும். அந்த இழுவிசையை ஸ்டீவ் லாமரூ 1997இல் துல்லியமாக அளந்தார். தட்டை அசைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை 1970இல் ஜெரால்ட் மூர் எடுத்தார். நீளம் மாறுகிற குழிக்குள் அந்த நடுக்கத்திலிருந்து மெய்யான ஃபோட்டான்கள் பிறக்கும் என்றார். குழியே வேண்டாம், முடுக்கம் மாறி மாறி ஓடுகிற ஒரே ஒரு கண்ணாடி போதும் என்று 1976இல் ஃபுல்லிங்கும் டேவிஸும் காட்டினார்கள்.

தாளில் சரி. நிஜக் கண்ணாடியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், கால்குலேட்டரில்தான். ஒரு நானோமீட்டர் வீச்சில், நொடிக்கு 1000 கோடி முறை ஆட்டினால் கண்ணாடியின் உச்ச வேகம் நொடிக்கு 63 மீட்டர். நம் சாலைகளில் பார்க்க முடியாத வேகம்தான். ஆனால் ஒளியின் வேகத்தில் அது 48 லட்சத்தில் ஒரு பங்கு. பிறக்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையோ அந்தப் பங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றும் தேறாது. நாற்பது வருடம் இந்தக் கணிப்பு கணிப்பாகவே கிடந்ததற்கு இதுதான் காரணம்.

ஸ்குவிட் வந்ததும் கண்ணாடியை அசைக்கவேண்டிய அவசியம் போய்விட்டது. கிறிஸ்டோபர் வில்சன், டெல்சிங், யோரான் யோஹான்சன் ஆகியோர் உள்ளிட்ட சால்மர்ஸ் குழு, 2011 நவம்பரில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. அவர்கள் மூடிய குழியை வைக்காமல், திறந்த கோட்டின் முனையில் ஸ்குவிட்டை வைத்து 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஆட்டினார்கள். ஃபோட்டான்கள் வந்தன. 2013இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லாட்டென்மாக்கி, பாராவானு, ஹாகோனென் முதலியோர் 250 ஸ்குவிட்களைக் கோத்துக் குழியே செய்து, அதன் முனையை விட்டுவிட்டு, அதற்குள் அலை ஓடும் வேகத்தையே மாற்றி மாற்றி ஆட்டினார்கள். அங்கும் வந்தன.

'எதுவும் அசையவில்லையே, மின்தூண்டலைத்தானே மாற்றினார்கள், இதை அசையும் கண்ணாடி என்று எப்படிச் சொல்வது' என்று இயற்பியலாளர்களிலேயே சிலர் முணுமுணுப்பது உண்டு என்றாள் அக்கா மகள். எனக்கு இந்த ஆட்சேபம் கொஞ்சமும் ஏறவில்லை. நான் நாள்தோறும் கட்டுகிற மூன்று ஃபேஸ் மோட்டாரின் ஸ்டேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 36 ஸ்லாட், காயில் முழுக்க வார்னிஷில் இறுகி உட்கார்ந்திருக்கிறது, ஒரு மயிரிழை அசையாது. மூன்று ஃபேஸையும் கொடுத்ததும் உள்ளே காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்கிறது. சுழலும் பகுதியான ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு 1440இல் ஓடுகிறது. சுழலுகிற காந்தம் எங்கே என்று எந்த ரோட்டாரும் கேட்டதில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தச் சீமையின் தறியும் கிணறும் ஓடுவது இந்த அசையாத சுழற்சியில்தான். அலைக்கு நீளம் மாறியதாகத் தெரிந்தால், அலையைப் பொறுத்தவரை நீளம் மாறிவிட்டது. இதைச் சொன்னபோது, தன் ஆய்வேட்டில் இந்த உதாரணத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சேர்த்துக்கொள், வாடகை வேண்டாம் என்றேன்.

எனக்கு உண்மையான சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. சூட்கேஸ்காரரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது: பேட்டரி உள்ளே ஒளிந்திருக்கவில்லை என்று எப்படித் தெரியும்? தூரியை யாரும் விரலால் தொடவில்லை என்பதற்கு என்ன சாட்சி?

இந்த இடத்தில்தான் அவள் குரல் மாறியது. மூன்று வருட உழைப்பும் இங்கேதான் போயிருக்கிறது.

முதல் எதிரி வெப்பம். நம் பட்டறை வெப்பநிலையில் 5 கிகாஹெர்ட்ஸ் குழி ஒன்றில், யாரும் எதுவும் செய்யாமலே, சராசரியாக 1,250 ஃபோட்டான்கள் குதித்துக்கொண்டிருக்கும். காற்றடிக்கிற நாளில் தூரி தானாக ஆடுவது போல. அந்த இரைச்சலில் அரை ஃபோட்டான் நடுக்கத்தை யார் தேடுவது? ஆகவே ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து குளிர்விக்கும் ஓர் இயந்திரத்தில் சில்லைத் தொங்கவிடுகிறார்கள். அதன் படத்தைக் காட்டினாள். தங்கமுலாம் பூசிய செம்புத் தட்டுகள் அடுக்கடுக்காக, கீழே போகப் போகச் சிறுத்து. கோயிலில் காட்டும் அடுக்குத் தீபத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. அடித் தட்டில் 0.02 கெல்வின். அங்கே குழிக்குள் ஒன்றரை லட்சம் முறை எட்டிப்பார்த்தால்தான் வெப்பத்தால் பிறந்த ஃபோட்டான் ஒன்று ஒரு முறை கண்ணில் படும். காற்று நின்றுவிட்டது.

அடுத்து, வெளியிலிருந்து வருகிற கம்பிகள். கம்பி வழியாகவே அறை வெப்பத்தின் இரைச்சல் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் அதைத் தணிக்கிற பொருளை வைத்து, வருவதில் பெரும்பகுதியை அங்கங்கே கொன்றுகொண்டே வருவார்கள். சில்லிலிருந்து வெளியே போகிற சமிக்ஞையோ மிகமிகச் சன்னம். மேலே 4 கெல்வின் தட்டில் ஒரு பெருக்கி. அந்தப் பெருக்கி தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும். அது திரும்பிக் கீழே இறங்காமலிருக்க, அலையை ஒரு திசையில் மட்டும் விடுகிற சாதனம், நம் ஆழ்குழாயில் நீர் திரும்பாமலிருக்கப் போடுகிற வால்வு போல. பிறகு ஆட்டத்தைப் போட்டு அளப்பது, நிறுத்தி அளப்பது, கழிப்பது. இரவெல்லாம், வாரக்கணக்கில்.

இவ்வளவு செய்தும் சூட்கேஸ்காரரிடம் ஏமாந்த என்னைப் போன்ற ஒரு சந்தேகப்பிராணி, 'எங்கோ ஒரு மூலை சூடாகி ஃபோட்டான்கள் வந்திருக்கும்' என்று சொல்லலாம். அவன் வாயை அடைப்பது எண்ணிக்கை இல்லை, சோடி. நொடிக்கு 1000 கோடி ஆட்டத்திலிருந்து பிறக்கும் ஃபோட்டான்கள் தனியாகப் பிறப்பதில்லை, இரண்டிரண்டாகத்தான் பிறக்கும். ஒன்று 5க்குச் சற்றுக் கூடுதலான அதிர்வெண்ணில் வந்தால், மற்றது அதே அளவு குறைவில் வரும். கூட்டினால் எப்போதும் 10. வெப்பத்தால் பிறப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறி வரும், சந்தைக்கூட்டம் போல. இவை கைகோத்து வரும். சால்மர்ஸ் குழு இந்தக் கைகோப்பையும் அளந்து காட்டியதால்தான் உலகம் ஒப்புக்கொண்டது.

இன்னொரு சாட்சியும் தூரியிலேயே இருக்கிறது. நடுவில் எழுந்து ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் வளரும். மாற்றிச் செய்தால், நடுவில் உட்கார்ந்து ஓரத்தில் எழுந்தால், ஓடுகிற தூரி அடங்கும். வெற்றிட நடுக்கத்தில் எல்லாக் கட்டங்களும், அதாவது அலையின் எல்லாத் தாளநிலைகளும், கலந்து கிடக்கின்றன. ஆட்டத்தோடு தாளம் சேர்ந்தது வளர்கிறது, தாளம் தப்பியது நசுங்குகிறது. நசுங்கிய பக்கத்தை அளந்தால், இரைச்சல் வெற்றிடத்தின் இரைச்சலைவிடவும் குறைவாக இருக்கும். வெறுமையைவிட அமைதி! எந்தச் சூடான மூலையும் இதைச் செய்ய முடியாது. ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் இதே வகை நசுக்கிய ஒளியை 2019 முதல் பயன்படுத்திவருகிறார்கள் என்றாள். அங்கே அது கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் லேசரில்.

சரி, மின்சாரம் யார் தருகிறார்கள்? நான் இதைக் கேட்டபோது அவள் பேப்பரில் ஒரே வரி எழுதினாள்: 10 = 5 + 5. வளையத்தின் காந்தப்பாயத்தை ஆட்ட வெளியிலிருந்து ஒரு நுண்ணலை மூலம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து 10 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்று செலவானால் 5 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான்கள் இரண்டு வரவாகின்றன. எங்கள் ஊர் மளிகைக்கடை கணக்குப்பிள்ளைகூட இதில் குறை காண முடியாது. பேரன் தூரியில் மூச்சுவாங்கினானே, அதே மூச்சு. வளர்ந்த ஆட்டத்தின் ஆற்றல் முழுவதும் அவன் முழங்காலிலிருந்து வந்தது. அவள் விரல் தந்தது ஓர் அங்குலம் மட்டும். வெற்றிடம் தருவது அந்த விரலின் வேலையை. அதை வைத்துக்கொண்டுதான் 'ஒன்றுமில்லாததிலிருந்து ஒளி' என்று தலைப்புப் போடுகிறார்கள். அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டுதான் ஒருவர் சூட்கேஸோடு என் பட்டறைக்கு வந்தார்.

ஆற்றாமையில் மேலும் ஒரு கணக்குப் போட்டேன். 5 வாட் எல்இடி பல்பு ஒன்றை எரிக்க இந்த ஃபோட்டான்கள் நொடிக்கு எத்தனை வேண்டும்? 15 எழுதி, பின்னால் 23 பூஜ்யம் போடவேண்டும். சில்லைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் கம்ப்ரசரோ ஏறக்குறைய 10 குதிரைத்திறன் மோட்டார் இழுக்கிற அளவுக்கு மின்சாரம் இழுக்கும். எங்கள் தோட்டத்து ஆழ்குழாய் மோட்டார் அதே 10 குதிரைத்திறன்தான். அதில் தண்ணீராவது வருகிறது.

பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டதற்கு, உலகில் மிகக் குறைந்த இரைச்சலில் நுண்ணலையைப் பெருக்கும் சாதனங்கள் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன, குவாண்டம் கணினிகளில் கியூபிட் என்கிற அடிப்படை அலகின் நிலையைப் படிக்க அவை வேண்டும் என்றாள். 2025இல் கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது ஜோசப்சன் சந்தி வைத்த மின்சுற்றுகளில் செய்த வேலைக்குத்தான். அக்கா சொன்ன 'கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ ஒன்று' அவ்வளவு தவறு இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவள் போகிறபோக்கில் சொன்ன வேறொரு விஷயம். ஆட்டும் பலம் கசிவை மிஞ்சிவிட்டால் குழிக்குள் அலை பெரிதாக வளர்ந்து நிலைத்துவிடும். அப்போது அது இரண்டு கட்டங்களில் ஒன்றில்தான் நிற்க முடியும். தூரி முதலில் கிழக்கே போனதா மேற்கே போனதா என்பது போல, இரண்டும் சமம், நடுவில் ஒன்று கிடையாது. 1954இல் ஜப்பானில் எய்ச்சி கோட்டோ என்ற மாணவர் இதைக் கிழக்கு என்றால் 0, மேற்கு என்றால் 1 என்று வைத்துக் கணினியே செய்யலாம் என்று கண்டார். பாராமெட்ரான் என்று பெயர். மீக்கடத்தி இல்லை, டிரான்சிஸ்டர்கூட வேண்டாம். ஃபெரைட் கோரும் அதில் சுற்றிய காயிலும் மின்தேக்கியும்தான் அதன் உறுப்பு. அப்படிப்பட்ட கணினிகள் 1950களின் இறுதியில் ஜப்பானில் நிஜமாகவே ஓடின. காயில் கட்டுகிறவர்கள் கணினி செய்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன், தயங்கித் தயங்கி ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். உள்ளே செம்பில் கடைந்த சிறிய பாபின், ஒரு சுருள் கம்பி. ஸ்குவிட் வளையத்தின் மேல் நிலையான காந்தப்பாயம் கொடுக்க ஒரு காயில் வேண்டும். அவர்கள் கட்டியது இரண்டு முறை அறுந்துவிட்டதாம். கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், செம்பு போல வளையவில்லை, எஃகு போல விறைத்தது. நையோபியம் டைட்டானியம், வெளியே செம்பு உறை என்றாள். செம்புக் கம்பியிலேயே கட்டித் தருகிறேனே என்றதற்கு, 0.02 கெல்வினில் செம்புக் காயில் சூடாகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்றாள். இது 10 கெல்வினுக்குச் சற்றுக் கீழே மின்தடை இல்லாமல் ஆகிவிடும்.

ராத்திரி பையன்கள் போன பிறகு கட்டினேன். சீலிங் ஃபேன் காயில் சுற்றுகிற கைமெஷினில் பாபினைப் பொருத்தி, மெதுவாக. இழுவை கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அவள் அறுந்தது அறுந்தது என்றது எங்கே என்று கட்டும்போதே தெரிந்துவிட்டது: பாபினின் விளிம்பில் கம்பி வெளியே வருகிற துளையில் கூர்முனை. அரத்தை எடுத்து உருட்டிவிட்டு, துளைக்குள் சின்னதாக ஒரு ஸ்லீவ் போட்டேன். முப்பது வருடமாக நீர்மூழ்கி மோட்டார்களில் நான் பார்க்கிற அதே வியாதி. 1,500 சுற்று கேட்டிருந்தாள். எண்ணும் மீட்டர் 1,500 காட்டியபோது நிறுத்தி, இரண்டு முனைகளையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். காட்டிய ஓம்களைச் சொன்னேன்.

"அங்கே போனால் அது பூஜ்யம் மாமா" என்றாள்.

மூன்று மாதம் கழித்துச் செய்தி வந்தது. காயில் அறுந்துபோகவில்லை. குழியின் அதிர்வெண் சொன்னபடி கேட்கிறது, ஆட்டத்தைப் போட்ட கோடும் நிறுத்திய கோடும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன என்று ஒரு வரைபடமும் அனுப்பியிருந்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அரிசி மணி அளவு இடைவெளி. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏழாவது அடுக்கில் மெஷின் ஒரு முறை நழுவியது நினைவுக்கு வந்தது. மீட்டர் அந்தச் சுற்றை எண்ணியதா இல்லையா என்று எனக்கு உறுதியில்லை. 1,499ஆக இருந்தால் கணக்கு மாறுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை; அங்கே இப்போது நடு இரவு.